ரிசர்ச் மெத்தடாலஜி ஒர்க்‌ஷாப்: காசு கட்டிப் போகலாமா?

'நைட்டூட்டி' என்ற பெயரில் ஒருவர் இங்கே கேட்டது, 6 ஜனவரி 2025

ஜெனரல் மெடிசின், முதல் வருஷம். பக்கத்து மாவட்டத்துல ஒரு தனியார் காலேஜ்ல ரெண்டு நாள் ரிசர்ச் மெத்தடாலஜி ஒர்க்‌ஷாப் போட்டிருக்காங்க. பீஸ் 3,500. மெடிக்கல் கவுன்சில் கணக்குக்கான கிரெடிட் அவர் உண்டாம். சீனியர்ஸ் "சாப்பாடு நல்லா இருக்கும், போ"ங்கிறாங்க. கைடு "போயிட்டு வா, தீசிஸ் தானா வந்துடும்"ங்கிறார். எனக்குக் கிடைக்கிறதே மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு. எஸ்பிஎம் (சமூக, தடுப்பு மருத்துவம்) ஆளுங்க யாராவது இருந்தா உண்மையச் சொல்லுங்க.

6 ஜனவரி, இரவு

எஸ்பிஎம்தான். இணைப் பேராசிரியர். இந்த ஒர்க்‌ஷாப்களில் பின்வரிசையில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன், மேடையில் நின்று மற்றவர்களைத் தூங்கவைத்தும் இருக்கிறேன்.

கையில் சொந்தமாக ஒரு கேள்வி இல்லாவிட்டால் போகாதீர்கள். இருந்தால், நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 9 மணிக்குப் பதிவு, 10 மணிக்குத் துவக்க விழா, குத்துவிளக்கு, டீன் உரை, சால்வை, நினைவுப் பரிசு, 11.30-க்கு டீ என்று இருந்தால் முதல் நாளில் பாதி அங்கேயே போயிற்று. மீதிப் பாதியில் 'ஆராய்ச்சி என்றால் என்ன', 'ஆய்வு வகைகள் ஓர் அறிமுகம்'. இதையே நம் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம்) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளம் வழியாக நடத்துகிறது. பாடம் பார்க்கக் காசு கிடையாது. எப்படியும் அதை நீங்கள் முடித்தே ஆகவேண்டும்.

7 ஜனவரி

எதைச் சொல்கிறேன் என்று சிலர் கேட்டிருந்தார்கள். பிசிபிஆர், மருத்துவ ஆராய்ச்சிக்கான அந்த அடிப்படை ஆன்லைன் பாடம். 2019-லிருந்து பிஜி (முதுநிலை) மாணவர்களுக்குக் கட்டாயம், ஆசிரியர்களுக்கும் கட்டாயம். காணொளியை மியூட்டில், இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அசைன்மென்ட் விடைகளை வாட்ஸ்அப் குழுவில் வாங்குவது ஊரறிந்த ரகசியம். ஆனால் கடைசித் தேர்வு மையத்தில், கண்காணிப்பாளர் முன்னால். அங்கே குழு வராது. வருடாவருடம் யாராவது ஒருவர் இதைத் தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்.

எல்லாவற்றையும் கவனமாகப் பார்க்க நேரமில்லை என்றால், ஆராய்ச்சிக் கேள்வியை வகுப்பது, மாதிரி எடுப்பது, அளவீடு ஆகிய பாடங்களையாவது சத்தத்தோடு பாருங்கள்.

"எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லாமலே தீசிஸ் எழுதினோம்" என்று எழுதிய பழைய சர்ஜன் சார்: அந்தத் தீசிஸைப் பரணிலிருந்து இறக்கி, சாம்பிள் சைஸ், அதாவது ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு, எழுதிய பக்கத்தைப் படம் பிடித்து இங்கே போடுங்கள். காத்திருக்கிறேன்.

9 ஜனவரி

சார் படம் போடவில்லை. சாம்பிள் சைஸ் பேச்சு வந்துவிட்டதால் அதைக் கொஞ்சம் நீட்டுகிறேன், ஏனென்றால் எங்கள் துறை வாசலில் பாதி மாதம் இதுதான் நடக்கிறது.

வருகிற பிஜி கேட்கும் முதல் வரி: "மேடம், 60 வர்ற மாதிரி போட்டுக் குடுங்க." கைடு 60 என்று சொல்லிவிட்டார். எங்கிருந்து 60? அவர் தீசிஸில் 60. அவருடைய கைடுக்கும் 60 ஆக இருந்திருக்கலாம், யார் கண்டார்.

ஒர்க்‌ஷாப்பில் சொல்லித்தருவது 4பிக்யூவை டி ஸ்கொயரால் வகுக்கும் சூத்திரம். பி என்பது நூறில் எத்தனை பேருக்கு நோய் இருக்கும் என்ற முன்கணிப்பு, க்யூ மீதிப் பேர், டி என்பது விடை எவ்வளவு முன்பின் போகலாம் என்பது. பி 20 சதவீதம், டி 5 என்றால் 256 பேர். டி-யை 10 ஆக்கினால் 64 பேர். அவ்வளவுதான் மாயம், டி-யை இரட்டிப்பாக்கியதும் ஆள் கணக்கு நான்கில் ஒன்றாகிவிட்டது, கைடு சொன்ன 60-க்குப் பக்கத்திலும் வந்துவிட்டோம். ஆனால் டி 10 என்றால் உங்கள் விடை '10-லிருந்து 30 சதவீதத்துக்குள் எங்கோ' என்று அர்த்தம். அப்படி ஒரு விடையை வைத்துக்கொண்டு உங்கள் வார்டில் எதை மாற்றுவீர்கள்? இந்தக் கேள்வியை எந்த ஸ்லைடும் கேட்பதில்லை. பி-க்கான 20 எங்கிருந்து வந்தது என்றும் கேட்பதில்லை. ஏதோ ஒரு வெளிநாட்டு நகர மருத்துவமனையின் கட்டுரையிலிருந்து எடுத்து, நம் தாலுகா ஆஸ்பத்திரி ஆட்களுக்குப் போட்டிருப்பார்கள்.

ஒருமுறை நான் பேசவேண்டிய அமர்வில் ஸ்லைடை நிறுத்திவிட்டு, எல்லோரையும் அவரவர் யூனிட்டுக்குப் போன் செய்யச் சொன்னேன். போன மாதம் உங்கள் தலைப்புக்குப் பொருந்தும் நோயாளிகள் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். கால் மணி நேரத்தில் பாதி அறையின் முகம் மாறிவிட்டது. ஒருவருக்கு வேண்டியது 120 பேர். மாதத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள். அன்றைக்கு யாரும் சான்றிதழுக்காக வந்தவர் மாதிரி இல்லை, தலைப்பை மாற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிடப் போனார்கள். ஏற்பாட்டாளர் மட்டும் என்னைக் கொஞ்சம் கோபமாகப் பார்த்தார். அடுத்த பேச்சாளர் காத்திருந்தாராம்.

புள்ளியியலாளரிடம் எப்போது போகவேண்டும் என்பதற்குப் புள்ளியியல் மேதை ஃபிஷர் சொன்னதுதான் இன்றைக்கும். 1938-ல் கல்கத்தாவில், முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பேசினார். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்வது போல. எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்றார். நம் ஊரில் அதற்கு மேலும் ஒரு படி உண்டு: பரிசோதிக்கிறவரிடமே "கொஞ்சம் பி வேல்யூ 0.05-க்குக் கீழே வர்ற மாதிரி பாருங்களேன்" என்று கேட்பது. அதற்குக் கீழே வந்தால்தான் முடிவுக்கு மதிப்பு என்பது வழக்கம்.

15 ஜனவரி

மாட்டுப் பொங்கல். டூட்டியில் இருப்பவர்கள் மட்டும் இங்கே இருக்கிறீர்கள் போல.

புள்ளிவிவரக் கணக்குக்கு எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டவருக்கு: பென்டிரைவில் வரும் களவு எஸ்பிஎஸ்எஸ் வேண்டாம். மவுஸைப் பிடித்தே வேலை செய்வேன் என்றால் ஜமோவி. அது இலவசம். ஆராய்ச்சியில் இன்னும் சில வருடம் இருக்கப்போகிறேன் என்றால் இப்போதே ஆர் என்ற நிரல்மொழியைப் படியுங்கள், முதல் மாதம் அழுகை வரும்.

நைட்டூட்டி காசு கட்டிவிட்டதாகச் செய்தி. சரி. போய்வந்து எழுதுங்கள்.

20 ஜனவரி

நைட்டூட்டி எழுதியதை அப்படியே மேலே ஏற்றுகிறேன், கீழே புதைந்துவிட்டது:

"ரெண்டு நாள், பதிமூணு பேச்சு. குரூப் ஆக்டிவிட்டின்னு எங்க டேபிளுக்கு 'புகைப்பிடித்தலும் நுரையீரல் புற்றுநோயும்' குடுத்தாங்க. அப்ஜெக்டிவ் எழுதினோம், கை தட்டினாங்க. கடைசி செஷனுக்கு முன்னாடியே ஃபீட்பேக் ஃபார்ம் வாங்கிட்டாங்க. சாப்பாடு உண்மையிலேயே நல்லா இருந்துச்சு. என் தீசிஸ் பத்தி யார்கிட்டயும் பேசல மேடம். டைம் இல்ல."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்குத்தான் 3,500.

புகைப்பிடித்தலும் புற்றுநோயும் என்ற தலைப்பில் யாரும் தவறு செய்ய முடியாது. விடை தெரிந்த கேள்வி. நோயாளி கிடைப்பாரா, எதிக்ஸ் கமிட்டி என்ன சொல்லும், லேப் அந்த டெஸ்டை விடுமுறை நாளில் எடுக்குமா, எந்தத் தலைவலியும் இல்லை. ஆராய்ச்சியில் கற்கவேண்டியதெல்லாம் அந்தத் தலைவலிகளுக்குள்தான் இருக்கிறது.

21 ஜனவரி

வேறு மாதிரி நடத்தவே முடியாதா என்று கேட்கிறார்கள். நடத்துகிறார்கள். சார்ட்-இட் என்று ஒன்று உண்டு. காசநோய்க்கான சர்வதேச அமைப்பான யூனியனும், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் 2009-ல் தொடங்கியது. பிறகு உலக சுகாதார நிறுவனத்தின், வெப்பமண்டல நோய் ஆராய்ச்சிக்கான டிடிஆர் பிரிவும் சேர்ந்துகொண்டது. களத்தில் திட்டப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கும் சுகாதார ஊழியர்களுக்குமான செயல்முறை ஆராய்ச்சிப் பயிற்சி.

அமைப்பு இதுதான். உங்கள் திட்டத்திலிருந்தே ஒரு கேள்வியோடு வருகிறீர்கள். முதல் கட்டத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து புரோட்டோகால், அதாவது ஆய்வுத் திட்டம், எழுதுகிறீர்கள். ஊருக்குப் போய் அனுமதி வாங்குகிறீர்கள். அடுத்த கட்டத்தில் தரவுப் பதிவும் பகுப்பாய்வும். மறுபடி ஊருக்குப் போய்த் தரவைச் சேர்க்கிறீர்கள். கடைசிக் கட்டத்தில் கட்டுரை. அது முடிந்து நான்கு வாரத்துக்குள் ஒரு ஜர்னலுக்குக் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். இடையில் ஒரு கெடுவைத் தவறவிட்டால் அடுத்த கட்டத்துக்கு அழைப்பு இல்லை. ஒரு தொகுதியில் பன்னிரண்டு பேர் போல. சில பேருக்கு ஒரு வழிகாட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அந்த அச்சில் வார்த்த ஒரு பயிற்சியில் நான் மாணவியாக இருந்தேன். என் கேள்வி ஒரு மாவட்டத்தின் காசநோய்ப் பதிவேட்டைப் பற்றியது. அட்டவணை எட்டு போட்டு வைத்திருந்தேன், பெருமையாக. வழிகாட்டி ஒவ்வொன்றாக விரலை வைத்து, "இதைப் பார்த்து மாவட்டக் காசநோய் அதிகாரி திங்கட்கிழமை எதை மாற்றுவார்?" என்று கேட்டார். ஆறுக்குப் பதில் இல்லை. ஆறும் போயின. நான் அன்றிரவு அவரைத் திட்டிக்கொண்டே படுத்தேன். அதுவரை கேட்ட அத்தனை சொற்பொழிவிலும் யாரும் என் அட்டவணையைப் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

22 ஜனவரி

மைக்ரோ அக்கா (மைக்ரோபயாலஜி) நேற்றைக்கே பிடித்துக்கொண்டார்: "பன்னிரண்டு பேருக்கு ஒரு வகுப்பு என்றால் இந்தியாவிலுள்ள கல்லூரிகளுக்கெல்லாம் எப்போது முடியும்? யார் காசு? நீ சொல்வது வசதியுள்ளவர்களின் பாடம்."

இரவு முழுக்க யோசித்தேன், அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2016-ல் வந்த ஒரு கணக்கெடுப்பு: 2005 முதல் 2014 வரை 579 மருத்துவ நிறுவனங்களின் கட்டுரைகளை எண்ணிப் பார்த்தார்கள். 332 நிறுவனங்களிலிருந்து அந்தப் பத்து வருடத்தில் ஒரு கட்டுரைகூட இல்லை. வெறும் 25 நிறுவனங்கள் மொத்தக் கட்டுரைகளில் 40 சதவீதத்தைத் தந்திருந்தன. அந்த 332-ல் படிக்கிற பிஜிக்கு வழிகாட்டி எங்கிருந்து வருவார்? அவருடைய பேராசிரியரே ஒரு கட்டுரையும் எழுதியிராதபோது? அவருக்கு என்பிடெல் பாடம் ஒன்றுதான் கதி. பிசிபிஆரை 7-ஆம் தேதி கொஞ்சம் கேலியாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. லட்சக்கணக்கானவருக்கு ஒரே தரத்தில் போய்ச்சேர வேறு வழி கிடையாது.

ஆனால் அக்கா, நம் வாதம் இடையிலுள்ள அந்த இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பைக் காப்பாற்றாது. என்பிடெல் மாதிரி மலிவும் இல்லை, சார்ட்-இட் மாதிரிப் பக்கத்தில் ஆளும் இல்லை. அடித்தளத்தை ஆன்லைனில் முடித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த இரண்டு நாளையும் அவரவர் புரோட்டோகாலைத் திறந்து வைத்துச் செலவிட்டால் எனக்கு ஆட்சேபமே இல்லை. நூறு பேர் வேண்டாம், இருபது பேர் போதும். சால்வைச் செலவும் மிச்சம்.

22 ஜனவரி, மதியம்

"இருபது பேர் என்றால் ஸ்பான்சர் வரமாட்டார்" என்று அக்கா. தெரியும்.

30 ஜனவரி

சொற்பொழிவுக்கு மாற்றாக எங்கள் கல்லூரியில் என்ன செய்கிறேன் என்று நைட்டூட்டி கேட்டிருந்தார். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பழைய கட்டுரையை எடுத்து, ஸ்லைடு இல்லாமல், எல்லோருமாக வரிவரியாகப் படிக்கிறோம்.

முதலில் 1948-ன் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு, காசநோய்க்கானது. 107 நோயாளிகள், 55 பேருக்கு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். யார் எந்தப் பக்கம் என்பது மூடிய உறையில். மருந்து எல்லோருக்கும் போதாத காலத்தில் குலுக்கல் முறையே நியாயமானது என்று எப்படி வாதிட்டார்கள் என்பதைப் படித்தால் எதிக்ஸ் வகுப்பு தனியாக வேண்டாம்.

இரண்டாவதுதான் என் செல்லம். நம் சேத்துப்பட்டு. 1956-ல் ஐசிஎம்ஆர், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து தொடங்கிய காசநோய் கீமோதெரபி மையம். இன்றைய என்ஐஆர்டி, தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பாதிப் பேருக்கு வீட்டிலேயே சிகிச்சை, பாதிப் பேருக்கு சானடோரியத்தில். இரண்டு பக்கமும் ஒரே காசநோய் மருந்துகள், ஐசோனியசிட்டும் பாஸும், ஒரு வருடம். 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். நல்ல சாப்பாடு இல்லை, நெருக்கடியான வீடு, ஓய்வும் குறைவு, அப்படியும்.

போன முறை ஒரு முதல் வருஷப் பெண் குறுக்கே கேட்டாள்: "ஒரே ரூம்ல அஞ்சு பேர் இருந்தா அவங்களுக்கு டிபி வராதா மேடம்? நோயாளி குணமானா மட்டும் போதுமா?" அவர்களுடைய அடுத்த கட்டுரையைப் பார்க்கச் சொன்னேன். அதே கேள்வியை அவர்களும் கேட்டு, வீட்டாரையும் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. எதை அளக்கவேண்டும் என்று முடிவு செய்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் நடத்தியதில்லை. நடத்தியதும் நானில்லை, அவள்தான்.

நூறு ரூபாய்க்கு ஜெராக்ஸ், ஒரு டீ. அவ்வளவு செலவு.

8 பிப்ரவரி

ஆசிரியர்களுக்கான ஒர்க்‌ஷாப் பற்றி ஒருவர் தனிச் செய்தியில் கேட்டதால் பொதுவில் சொல்கிறேன். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், அதுவும் முதல் மூன்று பெயருக்குள் அல்லது கரஸ்பாண்டிங் ஆதராக (ஜர்னலோடு தொடர்பில் இருக்கும் ஆசிரியர்). அதனால் 'ஒரே நாளில் கட்டுரை எழுதலாம்' வகைப் பயிற்சிகள் காளான் மாதிரி முளைக்கின்றன. ஒன்றில் பேச்சாளர் கடைசி ஸ்லைடில் ஒரு க்யூஆர் கோடு போட்டார். ஸ்கேன் செய்தால் அவரே ஆசிரியர் குழுவில் இருக்கும் ஜர்னல், கட்டுரைக் கட்டணப் பட்டியலோடு. 'இரண்டு வாரத்தில் பதில் உறுதி' என்று வேறு. ஊர் பேர் வேண்டாம். ஒர்க்‌ஷாப் அழைப்பிதழிலேயே ஜர்னல் பெயர் இருந்தால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

9 பிப்ரவரி

எந்த ஒர்க்‌ஷாப்பிலும் மதியத் தூக்கத்தில் கடந்துபோகும் ஒரு விஷயம்: தீசிஸ் கிளினிக்கல் டிரையல் என்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய டிரையல் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1-லிருந்து பின்தேதிப் பதிவு கிடையாது. இருபது பேரைச் சேர்த்துவிட்டு எங்கள் துறைக்கு ஓடிவந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் ஸ்லைடில் வரவேண்டியது இது.

23 பிப்ரவரி

"அரசு மருத்துவமனையில் இருந்துகொண்டு மருத்துவராகவும் விஞ்ஞானியாகவும் இருக்க முடியுமா? அதற்கு ஒர்க்‌ஷாப் உண்டா?" என்று புதிதாக ஒருவர்.

உண்டு. ஆராய்ச்சிக்கு நிதி தரும் இந்தியா அலையன்ஸ் அமைப்பு இளம் மருத்துவர்களுக்காகவே பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறது. கேள்வியை எப்படித் தேர்வது, நிதிக்கு எப்படி எழுதுவது, ஆராய்ச்சியையே தொழிலாக எடுத்தவர்களின் அனுபவம் என்று. இடம் கிடைத்தால் போங்கள், அங்கே சந்திக்கிற ஆட்களுக்காகவே போகலாம்.

ஆனால் உங்கள் கேள்விக்கு ஒர்க்‌ஷாப் பதில் இல்லை. அமெரிக்காவில் 1964-லேயே எம்டியும் பிஎச்டியும் சேர்த்துப் படிக்க அரசு நிதியோடு திட்டம் போட்டார்கள். அங்கேயே 1979-ல் வைன்கார்டன் என்ற மருத்துவர், ஆராய்ச்சி செய்யும் மருத்துவர்கள் அழிந்துவரும் இனம் என்று எழுதினார். அங்கே அப்படி என்றால், காலையில் முந்நூறு ஓபி பார்த்துவிட்டு மாலையில் பிரேதப் பரிசோதனைச் சான்றுக்கு கோர்ட்டுக்கு ஓடுகிறவர் நிலை என்ன? குறைவது அறிவு இல்லை. யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மதியம். அதை எந்தப் பேச்சாளராலும் தரமுடியாது, எச்ஓடியால் முடியும். ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு நாள் விடுப்புக் கேட்பதற்குப் பதில், ஆறு மாதத்துக்கு வாரம் ஒரு மதியம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுப்பார். சிலர் தருகிறார்கள்.

எங்கள் துறையில் வியாழன் மதியம் 2-லிருந்து 4 வரை கதவைத் திறந்து வைக்கிறோம். கேள்வியோடு வரலாம், தரவோடு வரலாம். சான்றிதழ் இல்லை, கிரெடிட் அவர் இல்லை. அதனால் வருகிறவர்கள் குறைவு, வருகிறவர்கள் திரும்பவும் வருகிறார்கள். அனஸ்தீசியாவிலிருந்து அதிகம். ஏன் என்று தெரியவில்லை, காத்திருந்து பழக்கமோ என்னவோ.

24 பிப்ரவரி

அனஸ்தீசியா நண்பர்கள் கண்டனம் தெரிவித்திருக்கிறார்கள். பதிவு செய்யப்பட்டது.

16 மார்ச்

நைட்டூட்டி திரும்ப வந்தார். தன் பழைய தீசிஸ் தலைப்பான வைட்டமின் டி-யைக் கைவிட்டாராம், கைடோடு சண்டை போட்டு. புதியது: ஸ்க்ரப் டைபஸ் (ஒருவகைப் பூச்சிக்கடிக் காய்ச்சல்) நோயாளிகளுக்குக் காய்ச்சல் தொடங்கியதிலிருந்து அதற்கான மருந்தான டாக்சிசைக்ளின் கொடுக்க எத்தனை நாள் ஆகிறது, எங்கே தாமதம். தரவுப் படிவத்தைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். அனுமதியோடு இங்கேயே பதில்:

'காய்ச்சல் தொடங்கிய நாள்' என்பதை யார் சொல்வது, நோயாளியா, முதலில் பார்த்த டாக்டரின் சீட்டா? இரண்டும் இருந்தால் எதை எடுப்பீர்கள் என்று இப்போதே எழுதிவையுங்கள். தனியாரில் மருந்து ஆரம்பித்துவிட்டு வந்தவர்களுக்குத் தனிக் கட்டம் வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் தாமதக் கணக்கு மொத்தமும் கெடும்.

எஸ்கார், அதாவது பூச்சி கடித்த இடத்தில் வரும் கறுப்புப் பொருக்கு, 'இருக்கிறது', 'இல்லை' என்று இரண்டே கட்டம் போட்டிருக்கிறீர்கள். மூன்றாவதாகப் 'பார்க்கவில்லை' சேருங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்துக்குக் கீழே என்று மறைவான இடத்தில்தான் அது பெரும்பாலும் இருக்கும்; ஆண் பிஜி பெண் நோயாளிக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தால், உண்மையில் பார்த்தாரா என்பது வேறு விஷயம். கேஸ் ஷீட்டில் எழுதாமல் விட்டதை 'இல்லை' என்று ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் பக்கம் இந்த நோய் மழை முடிந்த குளிர் மாதங்களில்தான் கூடும். இப்போது மார்ச். எதிக்ஸ் கமிட்டியின் அடுத்த கூட்டம் எப்போது என்று நாளைக்கே கேளுங்கள். அக்டோபருக்குள் அனுமதி கையில் இல்லாவிட்டால் ஒரு பருவம் போய்விடும், உங்களிடம் இருப்பது மொத்தமே இரண்டு பருவம். திருத்திய படிவத்தை வியாழனுக்குள் அனுப்புங்கள், மதியம் வருகிறவர்களோடு சேர்த்துப் பார்த்துவிடுகிறேன்.